மறு: கிளாஸ் அயனோமர் அடைப்பு சுண்ணாம்பாக வெளுக்கிறது

வணக்கம். மலைநாட்டு ஹட்டன் பாடசாலைக் கிளினிக்கில் காலையில் போடும் கிளாஸ் அயனோமர் அடைப்புகள் (கண்ணாடிப் பொடியை அமிலத் திரவத்தோடு குழைத்துப் பற்குழியில் வைப்பவை) சில நாளில் வெளுத்துத் தேய்கின்றன, ஒரு மாதத்துக்குப் பிறகு அவற்றிலிருந்து பல்லைக் காக்கும் புளோரைட்டும் வராதா என்று கேட்டிருந்தீர்கள்.

எனக்குக் குளிர்மேல்தான் சந்தேகம். குளிரில் திரவம் தடித்து, துளி குமிழியோடு விழும், அளவு தவறும். இறுகவும் தாமதமாகும். பொடியிலிருந்து வரும் அயனிகளில் முதலில் கல்சியமும், பிறகு ஏறக்குறைய ஒரு நாள் வரை அலுமினியமும் திரவத்திலுள்ள நீண்ட அமிலச் சங்கிலிகளைப் பிணைக்கின்றன. அதற்கு முன் எச்சில் பட்டால் அந்த அயனிகள் கழுவுண்டு போய், மேற்பரப்பு வெளுக்கும்.

போத்தலை அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். படுக்கவைத்துக் குமிழி விலகியதும் நேராகக் கவிழ்த்துத் துளி விடுங்கள். பொடிக் கரண்டியை மட்டமாக வழியுங்கள். குழைத்த கலவை மினுங்கும்போதே குழியில் வைக்க வேண்டும். மினுக்கம் போனால் பல்லோடு ஒட்டாது, தூக்கி எறியுங்கள். மேலே வாசலின் பூசி, பிள்ளையை ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்லுங்கள். தண்ணியாகக் குழைத்தால் புளோரைட் கூடுதலாக வரும் என்பது உண்மைதான், ஆனால் அடைப்பே கரைந்துபோகும்.

புளோரைட் முதல் ஓரிரு நாளில் நிறைய வெளியேறி, பிறகு குறைந்த அளவில் நீண்ட காலம் கசியும். புளோரைட் 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு) குறையாத பற்பசையால் தினம் இருமுறை துலக்கினால் அடைப்பு புளோரைட்டை உறிஞ்சி, அடுத்த சில மணி நேரங்களில் திரும்ப விடும். பல்மேல் பூசும் புளோரைட் வார்னிஷும் உதவும். அமில பொஸ்பேட் புளோரைட் ஜெல் மட்டும் வேண்டாம், கண்ணாடித் துகள்களையே அரிக்கும்.