மூன்று சென்சஸ், மூன்று வயது: வாசகர் கேள்வி-பதில்

கே: என் கணவரின் எள்ளுப்பாட்டி, மாட்டுவண்டியில் அமெரிக்காவின் ஓரிகனுக்குக் குடியேறியவர். 1850 சென்சஸில் வயது 24, 1860-இல் 31, 1870-இல் 45. எதை நம்புவது?

ப: கழித்துப் பாருங்கள், 1825-க்கும் 1829-க்கும் நடுவில் வருகிறது. இதற்கா இவ்வளவு பதற்றம்? வாசலில் யார் நின்றாரோ அவர் சொன்னதுதான் வயது. கணவரோ, பிள்ளையோ, பக்கத்து வீட்டுக்காரரோ! பதில் சொன்னவர் யார் என்று 1940-இல்தான் குறித்தார்கள். அந்த நாளில் ஜூன் 1 அன்றைய வயதே கணக்கு என்பதால் ஒரு வருட வித்தியாசமெல்லாம் முரண்பாடே இல்லை. அரசிடம் நிலம் கேட்டுப் போட்ட மனுவின் கோப்பைத் தேடுங்கள். 1850-ஆம் வருட நிலக்கொடைச் சட்டப்படி தம்பதிக்கு 640 ஏக்கர் வரை கிடைத்தது, பாதி மனைவி பெயரில். அதனால் கல்யாணத் தேதியும் இடமும் மனுவிலேயே இருக்கும்.

கே: பிறந்த இடம் ஒரு சென்சஸில் வர்ஜீனியா, அடுத்ததில் மேற்கு வர்ஜீனியா என்றிருக்கிறது.

ப: 1863-இல் பிரிந்த மாநிலம். இரண்டும் சரிதான்.

கே: 1890 சென்சஸ் எங்கே கிடைக்கும்?

ப: அநேகமாகக் கிடைக்காது. 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பெரும்பகுதி பாழ், மிச்சத்தில் பெரும்பாலானதைப் பிறகு அரசே அழித்தது. கான்சாஸ், அயோவா குடும்பமென்றால் 1885, 1895 மாநிலக் கணக்கெடுப்புகள் உண்டு.

கே: இணையத்தில் நாற்பது குடும்ப மரங்களில் எங்கள் மூதாதையருக்கு ஒரே தகப்பன் பெயர்தான். 1840 சென்சஸிலும் அந்தப் பெயர் இருக்கிறது. உறுதிதானே?

ப: இல்லை. ஒருவர் எழுதியதை முப்பத்தொன்பது பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டுமே; மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1850-இல் அடிமைகள் தவிர எல்லாருக்கும் பெயர் வந்தது, உறவுமுறை வரவில்லை. அது 1880-இல்தான். ஆக, 1850 வீட்டில் இருக்கும் பையன் மகனாகவும் இருக்கலாம், அண்ணன் மகனாகவும் இருக்கலாம், கூலிக்கு வந்தவனாகவும் இருக்கலாம். மனைவிக்கு 28, மூத்தவனுக்கு 14 என்றால் அவள் இரண்டாம் தாரமோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். இணையத்தில் குடும்ப மரம் போடுகிறவர்கள் அந்தக் கழித்தலைக்கூடப் போடுவதில்லை. இண்டெக்ஸை, அதாவது மூலப் பக்கத்தைப் படித்துப் பிறகு தொகுத்த பெயர்ப் பட்டியலை, நம்பியும் ஏமாறாதீர்கள். அக்காலக் கையெழுத்தில் இரட்டை ‘எஸ்’ வந்தால் முதல் எழுத்தை நீட்டி இழுப்பார்கள், அது ‘பி’ மாதிரி தெரியும். ‘ராஸ்’ குடும்பம் ‘ராப்ஸ்’ ஆகிவிடும். மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். அப்படியே முன்பக்கம், பின்பக்கம் நாலைந்தும். சொந்தபந்தங்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து நிலத்தில்தான் குடியேறினார்கள்.

கே: எங்கள் முன்னோர் ஜான் ஸ்மித். கண்டுபிடித்துத் தர முடியுமா?

ப: கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) இல்லை, வருடம் இல்லை, மனைவி பெயரும் இல்லை. முடியாது.

கே: 1860-இல் ஒரே குடும்பம் இரண்டு கவுண்டிகளில் பதிவாகியிருக்கிறது. வேறு வேறு ஆட்களா?

ப: பிள்ளைகளின் பெயரும் வரிசையும் ஒத்துப்போனால் அநேகமாக ஒரே குடும்பம். கணக்கெடுப்பு முடிய மாதக்கணக்கில் ஆனது, நடுவில் குடி பெயர்ந்திருப்பார்கள். பக்கத்தின் தலைப்பில் கணக்கெடுத்த தேதி இருக்கும். மறுபடியும் சொல்கிறேன், மூலப் பக்கத்தில், இண்டெக்ஸில் அல்ல.