நாலுகால் பாய்ச்சல்

அன்புள்ள ஐயா,

சரித்திர நாவல் ஒன்று எழுதுகிறேன். நாயகன் ஓலையோடு மதுரையிலிருந்து தஞ்சைக்கு இரவு முழுக்க நாலுகால் பாய்ச்சலில் போகிறான். விடிவதற்குள் சேர்ந்துவிடுவானா? குதிரை நடைகள் பற்றி நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

சேரமாட்டான். வழியிலேயே குதிரை செத்திருக்கும். நாலுகால் பாய்ச்சல் சில கிலோமீட்டருக்குத்தான் தாங்கும். உங்கள் ஆள் போக வேண்டியது ஏறத்தாழ 190. புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம்.

உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. சரித்திரக் கதை எழுதுகிற எல்லோருக்கும் குதிரை என்றால் பெட்ரோல் போடாத மோட்டார் சைக்கிள்தான். ஒருவராவது அதன் காலடியைக் காதுகொடுத்துக் கேட்டதுண்டா?

சின்ன வயதில் எங்கள் தெருவில் வயதான ஜட்காக்காரர் ஒருவர் இருந்தார். திண்ணையில் படுத்தபடி, தெருமுனையில் வரும் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முன்னங்கால் நோகுது அதுக்கு" என்பார். மந்திரமில்லை. ஜட்காக் குதிரை ஓடும்போது வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து விழும், பிறகு மற்ற இரண்டும். 'தக தக' என்று சமமான இரண்டு தட்டு. ஒரு கால் வலித்தாலும் அந்தச் சமம் கெட்டுவிடும். இன்றும் மருத்துவர்கள் நொண்டலைக் கண்டுபிடிக்கக் குதிரையை அப்படி ஓடவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

சாதாரணமாக நடந்தால் நான்கு காலும் தனித்தனியாக, நிதானமான 'தகதிமி'. ரேஸ்காரர்கள் கேன்டர் என்கிற மிதமான பாய்ச்சல் 'தகிட', பிறகு அந்தரத்தில் ஒரு மௌனம். முழுப் பாய்ச்சலில் மறுபடி நான்கு தட்டு, ஆனால் நெருக்கியடித்துக்கொண்டு, அதன்பின் மௌனம். தாளத்துக்கும் நாம் நடை என்றுதானே சொல்கிறோம்!

அந்த மௌனத்தில் நாலு காலும் தரையில் இல்லை. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்களில் அது தெளிவாகத் தெரிந்தது. அதுவரை ஓவியர்கள் முன்கால் முன்னேயும் பின்கால் பின்னேயும் நீட்டிப் பறப்பதாக வரைந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் கால்களை வயிற்றுக்கடியில் மடக்கும்போதுதான் குதிரை காற்றில் இருக்கிறது. உங்கள் அட்டைப்பட ஓவியரிடமும் சொல்லிவையுங்கள்.

நாயகனை நடக்கவிடுங்கள், கொஞ்சம் ஓடவிடுங்கள், இறங்கித் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடத்தில் குதிரை மாற்றட்டும். ஓலை ஒரு நாள் தாமதமானால் கதை கெட்டுவிடுமா என்ன?