வாய்க்கால் குத்துதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆனைமங்கலச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியை நண்பர்கள் சிலர் சேர்ந்து வாசித்து வருகிறோம். அதில் ‘வாய்க்கால் குத்தி’ என்று வருகிறது. வாய்க்காலை வெட்டத்தானே செய்வார்கள்? படியெடுத்தவரின் பிழையோ என்று எங்களில் ஒருவருக்குச் சந்தேகம். சோழர் காலத்து ‘வெட்டி’ என்ற வரி இந்த வாய்க்கால் வெட்டுவதிலிருந்து வந்ததா என்பது இன்னொருவர் கேள்வி.

ம.

அன்புள்ள ம.,

பிழை இல்லை. குத்துதல் என்றால் தோண்டுதல். மலையாளத்தில் இன்றும் கிணறு குத்துகிறார்கள், குளம் குத்துகிறார்கள். நம்மிடம் அந்தப் பொருள் மங்கி, குத்து என்றாலே கத்தியும் முஷ்டியும் என்றாகிவிட்டது. ‘தொடுதல்’ கதையும் இதுதான். பட்டினப்பாலையில் கரிகாலன் ‘குளந்தொட்டு வளம்பெருக்கி’ என்று வருவதும், குறளின் ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’யும் தோண்டுவதைத்தான் சொல்கின்றன.

ஆனால் அகராதிப் பொருளோடு நின்றுவிடாதீர்கள். செப்பேட்டில் ‘குத்தி’ என்பது ஓர் உரிமையைக் குறிக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கான நிலக்கொடையாகக் கொடுக்கிறான். சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டின் அரசன் எடுப்பித்த பௌத்தப் பள்ளி அது. பிடியை, அதாவது பெண் யானையை நடத்தி ஊர் எல்லையைக் காண்கிறார்கள், கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். நிலம் கைமாறியாயிற்று. ஆனால் காவிரிப் படுகையில் தண்ணீர் வராத நிலத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? அதனால்தான் வாய்க்கால் குத்திக்கொள்ளும் உரிமையைத் தனியாக எழுதித் தருகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வரும் தடைகள். அன்னியர் அந்த வாய்க்கால்களில் குறங்கறுத்துக் குத்தக் கூடாது, குற்றேத்தம் பண்ணக் கூடாது, கூடைநீர் இறைக்கக் கூடாது. குறங்கு என்றால் தொடை. இங்கே தாய் வாய்க்காலிலிருந்து பிரியும் கிளைக்கால். குற்றேத்தம் சிறிய ஏற்றம். கூடைநீர், இறைகூடையின் இருபுறக் கயிற்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீசி இறைப்பது. கிளை பிரிப்பதில் தொடங்கி, கரையில் நின்று கூடையால் அள்ளுவது வரை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். நடக்காத ஒன்றை இவ்வளவு நுணுக்கமாக யாரும் தடுக்க மாட்டார்கள். கோடையில் மடை காத்த எவருக்கும் இந்த வரி உடனே புரியும். சோழர் காலத்து வேறு நிலக்கொடை ஆவணங்களிலும் இதே பாணி வாசகங்கள் வருகின்றன. ஒரே வினைச்சொல் நிலம் பெற்றவருக்கு அனுமதியாகவும் மற்றவருக்குத் தடையாகவும் நிற்பதை உங்கள் வாசிப்புக் குழுவில் அவசியம் பேசுங்கள்.

‘வெட்டி’க்கும் வெட்டுதலுக்கும் தொடர்பில்லை. அது ‘விஷ்டி’ என்ற வடசொல்லின் திரிபு. கூலியில்லாமல் செய்துதர வேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். ‘வெட்டி வேலை’ என்று இன்று நாம் அலட்சியமாகச் சொல்வதும் அதுவே. சொற்பிறப்பில் உறவு இல்லாவிட்டாலும் உங்கள் நண்பர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். வாய்க்கால் குத்த யாருக்கு உரிமை என்று இந்த வாசகம் சொல்கிறது, எவர் கைகள் மண்ணைப் பெயர்த்தன என்று சொல்வதில்லை. அந்த மனிதர்களைத் தேடுவதென்றால் வெட்டி, அமஞ்சி என்று கூலியில்லா உழைப்பைக் குறிக்கும் சொற்கள் வரும் கல்வெட்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.