வாசகர் கேள்வி – பதில்: பத்து வயதுச் சின்ன நாய்க்கு ஒரு வீடு

காப்பகத்தில் இருக்கும் வயதான சிறிய நாய்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வார இறுதிகளில் ஒரு விலங்குக் காப்பகத்தில் உதவி செய்கிறேன். ஐந்து கிலோ எடையுள்ள ஒரு பெண் நாய் எட்டு மாதமாக அங்கேயே இருக்கிறது. வயது பத்து இருக்கும் என்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுக் குட்டிகள் பக்கம் போய்விடுகிறார்கள். இதற்கு வீடு கிடைக்க நான் என்ன செய்யலாம்?

பதில்: அந்த ‘ஐயோ பாவம்’தான் சிக்கல். பரிதாபப்பட்டவர் நகர்ந்துவிடுவார், தெளிவான விவரம் கிடைத்தவர்தான் நின்று பேசுவார். வயதான நாயைக் கண்டு தயங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே பயம்: சீக்கிரமே இறந்துவிடுமோ, மருத்துவச் செலவு எங்கே போய் நிற்குமோ. இரண்டுக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

முதலில் அந்த ‘பத்து வயது’ என்பதையே சந்தேகப்படுங்கள். காப்பகத்தில் பெரும்பாலும் பல்லைப் பார்த்துத்தான் வயது சொல்வார்கள். ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் முளைத்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் பல்லில் கெட்டியாகப் படியும் காரையையும் தேய்மானத்தையும் வைத்துச் செய்யும் ஊகம். சிறிய நாய்களிடம் இந்த ஊகம் அதிகம் பிசகும். பெரிய நாய்க்கும் 42 பற்கள், சின்ன நாய்க்கும் 42 பற்கள். குறுகிய தாடையில் அத்தனையும் நெருக்கியடித்து நிற்பதால் இடுக்குகளில் உணவு தங்கிக் காரை சீக்கிரம் படிந்துவிடும். ஐந்து வயது நாயின் வாய் பத்து வயதுபோலத் தெரிவது சகஜம். கண், தோல், தசை, இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மருத்துவர் ஒப்புக்கொண்டால், ‘8 முதல் 10 வரை’ என்று எழுதுங்கள். உண்மையில் பத்து வயதே என்றாலும், சிறிய நாய்கள் பல 13, 14 வயதைத் தாண்டி வாழ்பவை. இதை வருகிறவர்களிடம் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

அடுத்தது முழுப் பரிசோதனை: இரத்தம், சிறுநீர், இதய ஒலி, வாய், முழங்கால் சில்லு, வயிற்றுப் பக்கம் மடிக்காம்பு வரிசையில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று. கருத்தடை ஆகாத நாய் என்றால் அதையும் முடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வயதான பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவது அதிகம். புது வீட்டுக்குப் போன ஒரு மாதத்தில் அவசர அறுவை சிகிச்சை என்றால் எந்தக் குடும்பமும் கலங்கிப்போகும். பரிசோதனை முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதிக் கூண்டில் மாட்டுங்கள். ‘உடல்நலம் நன்று’ என்ற பொத்தாம்பொதுவான வரியை யாரும் நம்புவதில்லை.

படத்தைக் கம்பிக்கு வெளியே கொண்டுவந்து எடுங்கள். பகல் வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து ஒன்று. யாராவது ஒருவர் மடியில் உட்கார்ந்திருப்பதுபோல ஒன்று. இந்த இரண்டாவது படம் மிக முக்கியம். ஐந்து கிலோ என்று எழுதினால் பலருக்கும் மனதில் உருவம் வராது, மடியில் பார்த்தால் வந்துவிடும்.

அறிமுகக் குறிப்பு இப்படி இருக்கட்டும்: “5 கிலோ. வயது 8 முதல் 10. கருத்தடை ஆனது. ஆறு பற்கள் எடுக்கப்பட்டுள்ளன. உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் சாப்பிடும். இதயத்தில் லேசான முணுமுணுப்பு (துடிப்போடு கேட்கும் கூடுதல் ஒலி). இப்போது மருந்து இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. மூன்று மணி நேரம் தனியாக இருக்கும், அதற்கு மேல் குரைக்கும். படி ஏறும், இறங்கப் பயப்படும். மடியில் உட்காரப் பிடிக்கும். தூங்கும்போது தூக்கினால் உறுமும்.” உறுமுவதை எழுதினால் யார் எடுப்பார்கள் என்று தோன்றும். எழுதாமல் கொடுத்த நாய்தான் திரும்பி வரும்.

ஆனால் மூன்று மணி நேரம், படி, தூக்கம் இதெல்லாம் கூண்டில் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ஒரு வீட்டைத் தேடுங்கள், இரண்டு வாரமாவது. பெரிய நாய்களின் சத்தத்தில், வெறுந்தரையில் நடுங்கிக்கொண்டு மூலையில் கிடக்கும் நாயா இது என்று கேட்கும்படி வீட்டில் மாறிவிடும். எட்டு மாதம் யார் கண்ணிலும் படாத நாய்க்கு வேறு எதையும்விட இதுதான் உதவும்.

கேள்வி: பன்னிரண்டு வயது நாயைத் தத்தெடுக்க ஆசை. வாய் நாற்றம் தாங்கவில்லை. மயக்க மருந்து கொடுத்துப் பல் எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இந்த வயதில் தாங்குமா? மயக்கம் இல்லாமல் சுரண்டிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. சுரண்டினால் கண்ணுக்குத் தெரியும் காரைதான் போகும். நோய் இருப்பது ஈறுக்குக் கீழே, வேரைச் சுற்றி. பல் வெள்ளையாகத் தெரியும், உள்ளே சீழும் வலியும் அப்படியே இருக்கும்.

வயது மட்டுமே மயக்க மருந்துக்குத் தடை இல்லை. இதயமும் சிறுநீரகமும் கல்லீரலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை, முணுமுணுப்பு இருந்தால் மார்பு எக்ஸ்ரே அல்லது இதய ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மருத்துவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவார்களா (இல்லையென்றால் வாயில் அடிக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம்), நரம்பில் திரவம் ஏற்றுவார்களா, உடல்சூட்டைக் காக்க என்ன ஏற்பாடு, வேரைப் பார்க்கப் பல் எக்ஸ்ரே உண்டா. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். சின்ன உடம்பு மயக்கத்தில் சட்டென்று குளிர்ந்துவிடும்.

பல் போனால் எப்படிச் சாப்பிடும் என்று கவலை வேண்டாம். சுமார் இரண்டு வாரம் மென்மையான உணவு கொடுங்கள். நாய்கள் மென்று அரைப்பதைவிடக் கவ்வி விழுங்குவதே அதிகம். ஒரு பல்கூட இல்லாமல் நன்றாகச் சாப்பிடும் நாய்கள் உண்டு. வலி போனபின், மந்தமாகக் கிடந்த நாய் விளையாட வருவதையும் பார்ப்பீர்கள். வீட்டில் இருக்கும் மனித வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து கிலோ உடம்புக்கு இபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டுமே ஆபத்து.

கேள்வி: காப்பகத்தில் பார்த்த நாயின் கண்மணி நீலம் கலந்த சாம்பலாக இருக்கிறது, அடிக்கடி இருமுகிறது. எடுக்கலாமா?

பதில்: கண்ணைப் பற்றிப் பெரும்பாலும் பயமில்லை. ஏழெட்டு வயதுக்குமேல் நாய்களின் கண் வில்லை இறுகி நீலப் புகைபோலத் தெரியும். பார்வை அதிகம் குறையாது. வெள்ளையாக, பாலாடைபோல இருந்தால் அது கண்புரையாக இருக்கலாம். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தால் பிரித்துச் சொல்லிவிடுவார். பஞ்சு உருண்டை ஒன்றைச் சத்தமில்லாமல் நாயின் முன்னால் கீழே விடுங்கள். தலை அதைத் தொடர்ந்தால் பார்வை இருக்கிறது.

இருமல் அப்படியல்ல, காரணம் தெரிந்தாக வேண்டும். காப்பகத்தில் தொற்றிய இருமலாக இருக்கலாம். வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல், கயிற்றை இழுத்தால் அதிகமாகிறது என்றால் மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகியிருக்கலாம். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போடுங்கள், எடையையும் குறையுங்கள். ஐந்து கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடினாலே உடலில் பத்தில் ஒரு பங்கு.

மூன்றாவது, இதயம். சிறிய இன நாய்களுக்கு வயதானால் இதயத்தின் இடது வால்வு தடித்துக் கசிவது மிகச் சாதாரணம். முணுமுணுப்பு கேட்ட உடனே ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; பல நாய்கள் அதோடு ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கும். இதயம் பெரிதான நிலையிலேயே பிமோபென்டன் என்ற மருந்தைத் தொடங்கினால், இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போனதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது: நாய் அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குக் கீழ் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய தம்பதி எங்கள் காப்பக நாயைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? இன்னொரு பக்கம், மூன்று வயதுக் குழந்தை உள்ள குடும்பமும் கேட்கிறது.

பதில்: தம்பதிக்குத் தாராளமாகக் கொடுங்கள். நாள் முழுக்க ஆள் இருக்கும் அமைதியான வீடு, மெதுவான நடை. வயதான சின்ன நாய்க்கு இதைவிடப் பொருத்தம் கிடைப்பது அரிது. அவர்கள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் நாயை யார் பார்ப்பார்கள் என்பதை மட்டும் பெயரோடு எழுதி வாங்குங்கள், அந்த ஆளிடமும் பேசிவிடுங்கள். காலுக்குள் புகுந்து தடுக்கி விழவைக்கும் ஆபத்து உண்டு, ஹார்னஸில் ஒரு சின்ன மணி கட்டிவிட்டால் எங்கே நிற்கிறது என்று காதுக்குத் தெரியும்.

மூன்று வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு நாங்கள் தயங்குவோம். அன்பு குறைவு என்பதற்காக அல்ல. குழந்தை தூக்கும், தவறவிடும். சிறிய நாய்களின் முன்னங்கால் எலும்பு அந்த உயரத்திலிருந்து விழுந்தாலே முறியக்கூடும். வலியுள்ள நாய் கடிக்கவும் செய்யும், அதுவும் குழந்தையின் முகத்துக்கு நேராக.

கேள்வி: நான்கு நாளைக்கு முன் ஒன்பது வயது நாயைக் கூட்டிவந்தோம். கட்டிலுக்கு அடியில் இருந்து வர மறுக்கிறது, அரைகுறையாகச் சாப்பிடுகிறது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது, இரவில் அலைகிறது. தவறு செய்துவிட்டோமா?

பதில்: இல்லை. அது எங்கே வந்திருக்கிறது என்று அதற்கே இன்னும் தெரியாது. மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று தோன்றும் என்பது நாய் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. சில நாய்களுக்கு இன்னும் கூடுதலாகும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். படுக்கையையும் தண்ணீரையும் அருகில் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். உற்றுப் பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். அதுவாக வந்து முகர்ந்தால் அன்றைக்கு அது போதும்.

உணவு முதல் சில நாள் காப்பகத்தில் கொடுத்ததே இருக்கட்டும். பிறகு ஏழு நாளில் மாற்றுங்கள்: கால் பங்கு புதியது, பிறகு அரை, முக்கால், முழுவதும். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், அதைப் பார்த்து நீங்கள் வேறு நோயோ என்று பயப்படுவீர்கள். ஒரு முழு நாள் ஒன்றையுமே தொடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள்.

சிறுநீருக்கு, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறையும், தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கழித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டுத் தின்பண்டம். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. திட்டாதீர்கள், ஒளிந்து கழிக்கத்தான் கற்றுக்கொள்ளும். நாற்றத்தை முறிக்கும் என்சைம் திரவத்தால் துடைக்காவிட்டால் அதே இடத்துக்குத் திரும்பிப் போகும்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மீதியைக் கழியுங்கள். ஐந்து கிலோ நாய் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்தால் சிறுநீரகம், சர்க்கரை நோய், ஹார்மோன் கோளாறு என ஏதோ ஒன்று இருக்கலாம். தண்ணீரைக் குறைக்காமல் பரிசோதனைக்குப் போங்கள்.

இரவு அலைச்சலுக்கு ஒரு மங்கலான விளக்கு, வழுக்கும் தரையில் பாய், உங்கள் படுக்கைக்கு அருகில் அதன் படுக்கை. சில வாரம் ஆகியும் மூலையில் தலையை வைத்து நிற்பது, கதவின் தவறான பக்கத்தில் காத்திருப்பது என்று இருந்தால் மூளை முதுமையாக இருக்கலாம். உணவு மாற்றமும் மருந்தும் ஓரளவு உதவும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது வாசல் கதவு. புது வீட்டிலிருந்து தப்பி ஓடுவது முதல் நாட்களில்தான் அதிகம், பயந்த சின்ன நாய் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிவிடும். ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழையட்டும். யார் உள்ளே வந்தாலும் முதலில் நாய் எங்கே என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள்.

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் உண்டு. எப்படிச் சேர்ப்பது?

பதில்: முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில். ஆளுக்கு ஒரு நாயாகப் பிடித்து, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்து, மெல்ல நெருங்குங்கள். வீட்டில் உணவுத் தட்டு தனித்தனி அறையில். உங்கள் நாய் பெரியது என்றால் நீங்கள் இல்லாத நேரம் இரண்டையும் சேர்த்து விடாதீர்கள். விளையாட்டாக ஒரு மிதி போதும்.

கேள்வி: நாங்கள் கொடுத்த நாய் மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. ‘ஒத்துவரவில்லை’ என்கிறார்கள். இனி யார் எடுப்பார்கள்?

பதில்: கோபப்படாமல் கேளுங்கள், அவர்களிடம் உங்களுக்குத் தேவையான விவரம் இருக்கிறது. என்ன நடந்தது, எந்த நேரத்தில், எந்த இடத்தில், அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? “கடிக்க வந்தது” என்பதைத் தோண்டினால், “சோஃபாவிலிருந்து தூக்கியபோது” என்று வரும். அப்படி வந்தால் முதுகையும் முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வலி என்றால் மருந்து உண்டு. “குரைத்தது” என்றால் தனியாக எத்தனை மணி நேரம் விட்டார்கள் என்று கேளுங்கள்.

கிடைத்ததைக் கூண்டுக் குறிப்பில் சேருங்கள்: “இடுப்பில் மூட்டு வலி, தினமும் ஒரு மாத்திரை, தூக்கும்போது மார்புக்கும் பின்பக்கத்துக்கும் இரண்டு கை கொடுக்க வேண்டும்.” அடுத்து வருகிறவரிடம் அப்படித் தூக்கிக் காட்டுங்கள், அவரையும் தூக்கச் சொல்லுங்கள். தோலுக்கு அடியில் பொருத்திய அடையாள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் இன்னும் பழைய குடும்பத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். நாய் தொலைந்தால் தகவல் அவர்களுக்குத்தான் போகும், அதனால் அவர்கள் கிளம்பும் முன்பே பதிவை மாற்றி வாங்கிவிடுங்கள்.