அழிக்கப்பட்ட கிட்டார்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய ஜாஸ் ஃப்யூஷன் கிட்டார் கலைஞர் கஸுமி வதனாபே எக்கச்சக்கமாக ஆல்பம் போட்டிருக்கிறார். எங்கே தொடங்குவது? ஆரம்பகால ஆல்பங்களில் கிட்டார் சோலோ வரும் இடங்களை மட்டும் தேடிக் கேட்டேன். விரல் வேகம் இருக்கிறது, ஆன்மா இல்லை என்கிறான் நண்பன். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அன்புள்ள தம்பி,

2024 பிப்ரவரியில் அவருக்கு மூளைத்தண்டில் ரத்தக்கசிவு ஏற்பட்டதிலிருந்து நான் அந்தப் பழைய ஆல்பங்களோடுதான் இருக்கிறேன். அதனால் உங்கள் கடிதம் கொஞ்சம் சுட்டுவிட்டது.

1977-இல் வந்த 'ஆலிவ்ஸ் ஸ்டெப்'பில் தொடங்குங்கள். 1971-இல், 17 வயதில் அவர் போட்ட 'இன்ஃபினிட்' அப்புறம் ஆகட்டும். ஆன்மா இருக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை.

ஆனால் சோலோவை மட்டும் தேடிக் கேட்டேன் என்கிறீர்களே, அது தப்பு. பெரிய தப்பு. 1979-இன் 'கைலின்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் ரியூச்சி சகாமோட்டோ, அகிகோ யானோ, டிரம்ஸில் பொன்டா முராகாமி, டிராம்போனில் ஷிகெஹாரு முகாய். இத்தனை பேர் நடுவே அந்தக் கிட்டார் எங்கே ஒதுங்குகிறது, யாருக்கு இடம் விடுகிறது என்பதில்தான் அவருடைய வாசிப்பே இருக்கிறது. நீங்கள் வெட்டி எறிந்தது அதைத்தான்.

அதே வருடம் அவர் சகாமோட்டோ இருந்த யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற எலக்ட்ரானிக் இசைக்குழுவோடு வெளிநாட்டுப் பயணம் போனார். 1980-இல் அந்தக் கச்சேரிகள் 'பப்ளிக் பிரஷர்' என்று ஆல்பமாக வந்தபோது அவருடைய கிட்டார் அதில் இல்லை. ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தச் சிக்கலில் அதை அழித்துவிட்டார்கள். காலியான இடங்களில் சகாமோட்டோ சிந்தசைசர் வாசித்து நிரப்பினார்.

கல்லூரி விடுதியில் அறைத்தோழன் பதிவுசெய்து தந்த கேசட்டில் நான் கேட்டது அந்த ஆல்பத்தை. தேயத் தேயக் கேட்டேன். ஒரு ஆள் குறைகிறார் என்று ஒருநாளும் தோன்றவில்லை. 1991-இல் அதே பயணத்தின் பதிவுகள் கிட்டாரோடு 'ஃபேக்கர் ஹாலிக்' என்று வெளிவந்தன. அது என் கைக்கு வர மேலும் சில வருடங்கள் ஆயின. கேட்ட ராத்திரி தூங்கவில்லை. என்னை உலுக்கியது கிட்டார்கூட இல்லை, அந்தக் குழுவின் யுகிஹிரோ தகாஹாஷி வாசித்த டிரம்ஸ். இத்தனை நாள் இயந்திரம் மாதிரி கறாராக விழுகிறது என்று நான் நினைத்திருந்த அடிகள், பக்கத்தில் நின்ற மனிதருக்குச் சொன்ன பதில்களாக இருந்தன. கேள்வியை அழித்துவிட்டு பதிலை மட்டும் அத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். அங்கே ஒப்பந்தச் சிக்கல் செய்த வேலையை இங்கே நீங்களே உங்கள் காதுக்குச் செய்துகொள்கிறீர்கள் தம்பி. அதுதான் வலிக்கிறது.

சரி, ஒன்று செய்யுங்கள். 1980-இல் நியூயார்க்கில் பதிவான 'டோ சி கா'வை முதலிலிருந்து கடைசிவரை, எதையும் தாண்டாமல் போடுங்கள். அந்த ஆல்பத்தைத் தயாரித்த மைக் மைனியேரி அதில் வைப்ரஃபோனும் வாசிக்கிறார், உலோகத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம் அது. முதல் தடவை அவரை மட்டும் பின்தொடருங்கள். கிட்டாரை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நண்பரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.