பழைய கண்ணாடித் தட்டு, கோப்பை, பாட்டிலை வைத்து அலங்காரப் பொருள் செய்தால் ஒட்டியது கழல்கிறது, வெட்டியது கோணலாக உடைகிறது. எங்கே தவறு?

கேள்வி கேட்டவருக்கு மூன்று சிக்கல். தட்டையும் ஒயின் கோப்பையையும் ஒட்டிச் செய்த இரண்டடுக்குத் தட்டு ஒரு மாதத்தில் கழன்றுவிட்டது. நூல் சுற்றி நெருப்பு வைத்த பாட்டில் நேராக உடையவில்லை. ஜாடிக்குள் போட்ட எல்இடி பல்பு சீக்கிரம் செத்துப்போகிறது. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது முதல் சிக்கலில்தான், அதனால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை. காயலான் கடையோ, புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளோ, எங்கே வாங்கினாலும் பொருளை ஒரு கையில் தொங்கலாகப் பிடித்து விரல் நகத்தால் சுண்டுங்கள். 'ணங்' என்று ஒலி நீண்டால் நல்லது. 'டொக்' என்று அடங்கினால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வைத்துவிட்டு வாருங்கள். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் பரவாயில்லை, அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம். வெள்ளையாக மங்கியிருந்தால் இரண்டு காரணம் உண்டு. உப்புத் தண்ணீர்ப் படிவு என்றால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால் போய்விடும். ஊறியும் போகவில்லை என்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போயிருக்கிறது. அதை எதைப் போட்டுத் தேய்த்தாலும் பளபளப்பு திரும்பாது, பெயிண்ட் அடிக்கும் வேலைக்கு ஒதுக்கிவிடலாம்.

கனமாக, பட்டை வெட்டியதாக, சுண்டினால் வெகுநேரம் ரீங்கரிக்கிற கிரிஸ்டல் கோப்பைகளில் ஈயம் இருக்கலாம். அழகுக்கு வைக்கத் தாராளமாக வைக்கலாம். ஆனால் அவற்றை வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூளிலும் ஈயம் இருக்கும். பழைய தட்டுகளின் வண்ணப் பூக்களிலும் தங்கக் கரைகளிலும் இதே சந்தேகம் உண்டு. அவற்றில் உணவு வைக்கக் கூடாது.

இப்போது ஒட்டும் விஷயம். பிசின் சரியில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கழுவிய விதம்தான். ஸ்டிக்கர் பசையை எடுக்கத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டு, சமையல் சோடா போட்டுத் தேய்ப்பது நல்ல வழி. ஆனால் அந்த எண்ணெயின் மெல்லிய படலம் சாதாரணமாகக் கழுவினால் முழுசாகப் போவதில்லை. மேலே ஒட்டிய பிசின் கண்ணாடியைத் தொடாமல் எண்ணெயைத்தான் பிடித்திருக்கும். சோதிப்பது சுலபம். கழுவியபின் ஒட்டப்போகும் இடத்தில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே திரையாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சலவை சோடா போட்ட வெந்நீரில் மறுபடி கழுவி, காயவிட்டு, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். துடைத்த இடத்தை விரலால் தொட்டால் திரும்ப முதலிலிருந்துதான்.

அடுத்து, இணைப்பின் வடிவம். தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: அடியில் ஒரு வளையம் மேடாக இருக்கும். கோப்பையின் பாதம் அந்த வளையத்துக்குள் முழுதாக அடங்க வேண்டும். பாதம் பெரிதாக இருந்து வளையத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால், இரண்டும் தொடுவது ஒரு நூல் அகலம்தான். அதேபோல அடியில் பூ வேலைப்பாடு அழுத்திய தட்டுகளில் மேடுகள் மட்டுமே பிசினைத் தொடும். ஒற்றைத் தட்டு என்றால் கோப்பையைக் கவிழ்த்து, பாதம் தட்டோடும் வாய் மேசையிலும் இருக்கும்படி வையுங்கள். இரண்டடுக்கு என்றால் கோப்பையின் மெல்லிய வாய் கீழ்த்தட்டில் ஒட்ட வேண்டியிருக்கிறது. கழலுவது எப்போதும் அங்கேதான். அதற்குத் தடித்த வாயுள்ள ஐஸ்கிரீம் கிண்ணமோ மெழுகுவத்தித் தாங்கியோ தேர்ந்தெடுங்கள்.

பிசின் என்று வந்தால் என் முதல் தேர்வு நிறமில்லாத சிலிகான்தான், மீன்தொட்டி ஒட்டுகிறார்களே அது. வினிகர் வாடை வரும் வகை கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பித்தளை, செம்பு, கண்ணாடியின் ரசப்பூச்சு ஆகியவற்றை அந்த வாடைக்குக் காரணமான அமிலம் அரித்துவிடும். அங்கெல்லாம் வாடையில்லாத நியூட்ரல் வகை வாங்குங்கள். பாதத்தின் ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி, 3 மி.மீ. தடிமனில் வளையமாக இடுங்கள். வளையத்தை முழுசாக மூடாமல் ஓரிடத்தில் விரற்கடை இடைவெளி விடுங்கள். சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். மூடிவிட்டால் உள்பக்கம் வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். பாதம் முழுக்க அப்பினாலும் இதே கதைதான். வைத்து அழுத்தும்போது எல்லாவற்றையும் பிதுக்கித் தள்ளிவிடாமல் நடுவில் 1 மி.மீ. மிச்சமிருக்கட்டும். மாஸ்கிங் டேப்பால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி 24 மணி நேரம் அசைக்காதீர்கள். எடை ஏற்ற ஒரு வாரம் பொறுங்கள். ஏசி அறையில் ஈரம் குறைவு, இன்னும் தாமதமாகும். வினிகர் வாடை அடித்துக்கொண்டிருக்கும் வரை உள்ளே வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எபாக்சி வலுவானதுதான். ஆனால் வெயிலில் மஞ்சளாகும், தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் கண்ணாடியை விட்டு உரியும். பித்தளைக் குத்துவிளக்குத் தண்டின் மேல் கண்ணாடித் தட்டை எபாக்சியால் ஒட்டி வெயிலில் வைத்தால் விட்டுவிடும். சூட்டில் பித்தளை விரிவது கண்ணாடியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எபாக்சி வளைந்து கொடுக்காது, சிலிகான் கொடுக்கும். ஃபெவிக்விக் வகை நொடியில் பிடிக்கும், ஈரம் பட்டுப் பட்டு ஒருநாள் 'டக்'கென்று விடும், சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்த கறையும் நிற்கும். சூடாக்கிப் பிழியும் குளூ கன் பசை கண்ணாடிக்கு ஆகவே ஆகாது. சித்திரை வெயிலில் இளகி, நகத்தால் உரித்தால் தோலாக வந்துவிடும். எதில் ஒட்டியிருந்தாலும் தூக்கும்போது அடித்தட்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

வெட்டும் வேலைக்கு வருவோம். நூலை அசிட்டோனில் நனைத்துச் சுற்றி, எரித்து, தண்ணீரில் முக்கும் முறை வீடியோவில் அழகாக இருக்கும். நெருப்பு சூடாக்குவது ஒரு கோட்டை அல்ல, 2, 3 செ.மீ. அகலப் பட்டையை. அந்தப் பட்டைக்குள் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடும். கண்ணாடி கட்டரால் முதலில் கீறல் போட்டால்தான் விரிசலுக்கு வழி தெரியும். கட்டரின் சக்கரத்தில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, பாட்டிலை மரச் சட்டத்தில் படுக்கவைத்து, கட்டரை அசைக்காமல் பாட்டிலை ஒரே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். 'ஸ்ர்ர்ர்' என்ற ஒலி முழுச் சுற்றுக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். கோடு சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே இரண்டாம் முறை ஓட்டினால் விளிம்பு பொடிந்து கோணலாகும். நிறையப் பாட்டில்கள் கெடுவது இதனால்தான்.

பிறகு கெட்டிலில் கொதித்த தண்ணீரை மெல்லிய தாரையாகக் கீறல் மேல் ஊற்றிக்கொண்டே 10, 15 வினாடி சுற்றுங்கள். உடனே குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அதிர்ச்சி அதிகமாகி விரிசல் தடம் மாறும். இரண்டாவது, மூன்றாவது முறையில் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால், கீறலின் உள்ளே வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு மினுக்கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வருவது தெரியும். அதுதான் விரிசல். அது முழு வட்டமும் கூடும் வரை இழுக்காதீர்கள். தானாகவே கையில் விட்டு வரும். கனத்த கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

வெட்டிய விளிம்பைத் தேய்க்க, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்கி, சமமான கிரானைட் பலகைமேல் விரித்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும்: 120, 220, 400, 600 என்ற வரிசையில். ஒரு எண்ணின் கீறல்கள் மறையாமல் அடுத்ததற்குப் போனால் கடைசி வரை தெரியும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, தூள் மூச்சில் போகும்.

எல்லாக் கண்ணாடியையும் வெட்ட முடியாது. போரோசில் வகைப் பாத்திரங்கள் சூட்டில் மிகக் குறைவாகவே விரியும். சூடு குளிர் தாங்கவே செய்தவை, அதனால் வெந்நீர் முறை அவற்றில் பலிக்காது. டெம்பர்டு, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய டம்ளரில் கட்டர் சற்று ஆழமாக இறங்கினாலே மொத்தமும் நொறுங்கிக் கொட்டும். சந்தேகமிருந்தால் மொபைலில் வெள்ளைத் திரையைப் போட்டு அதன்முன் டம்ளரைப் பிடித்து, போலரைஸ்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பாருங்கள். பட்டை பட்டையாக நிறங்களோ நிழல்களோ தெரிந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது, வெட்டாதீர்கள். கோலி சோடா பாட்டில் இன்னொன்று. 1872-இல் ஹைரம் காட் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. சுவர்த் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், கழுத்தின் கிள்ளிய மடிப்பில்தான் அதன் அழகே இருக்கிறது. முழுசாகவே வையுங்கள்.

பல்பு விஷயம் எளிது. மூடிய ஜாடிக்குள் சூடு வெளியேற வழியில்லை, எல்இடி பல்பின் அடியிலுள்ள டிரைவர், அதாவது மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சர்க்யூட், வெந்துபோகிறது. மூடியில் 6 மி.மீ. அளவில் ஆறு ஓட்டை போட்டு, 3 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். உலோக மூடியில் 230 வோல்ட் இணைப்பு என்றால் எர்த் கட்டாயம், அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். என்னைக் கேட்டால் யூஎஸ்பியில் ஓடும் 5 வோல்ட் சரவிளக்கே போதும். ஒயர் நுழைய ஓட்டை வேண்டுமென்றால் 8 மி.மீ. டைமண்ட் பிட், இடித்துத் துளைக்கும் ஹேமர் முறையை அணைத்த டிரில், மெதுவான வேகம். ஓட்டை போடும் இடத்தைச் சுற்றிக் களிமண் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்குங்கள். பிட்டைச் சாய்த்துப் பிடித்துப் பிறை வடிவில் தடம் விழுந்ததும் நிமிர்த்துங்கள். மறுபக்கம் வெளிவரும் கடைசி மில்லிமீட்டரில் அழுத்தவே வேண்டாம், அங்கேதான் சில்லுப் பெயரும்.

பெயிண்ட் பற்றிச் சுருக்கமாக: கண்ணாடிக்கென்றே வரும் ஓவன் வகைகளைக் குளிர்ந்த ஓவனில் வைத்து, டப்பாவில் சொன்ன சூடு வந்தபின் நேரம் எண்ணி, உள்ளேயே ஆறவிட வேண்டும். பெரும்பாலும் 150, 160 டிகிரி, 35, 40 நிமிடம். ஒட்டிய பொருளை ஓவனில் வைக்காதீர்கள், பெயிண்ட் முதலில், பிசின் பிறகு. தட்டின் பின்பக்கம் வரைவதானால் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தின் வரிசைதான்: கண், நகை, கோடு எல்லாம் முதலில், பின்னணி கடைசியில்.

கண்ணாடிக்குள் தீபம் வைத்தால் மெழுகு கடைசி ஒரு செ.மீ.க்கு வந்ததும் அணைத்துவிடுங்கள், சுடர் அடியைத் தொட்டால் வெடிக்கும். தண்ணீர் நிறைந்த உருண்டைக் கிண்ணத்தை வெயில் விழும் ஜன்னலில் வைத்தால் பூதக்கண்ணாடிபோல ஒளியைக் குவித்துத் திரைச்சீலையைக் கருக்கும். மணி பிளான்ட் வைத்த பாட்டிலிலும் பூ மிதக்கும் கிண்ணத்திலும் டெங்குக் கொசு முட்டையிடும். தண்ணீரை வாரம் இரண்டு முறை மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாய் அகலமென்றால் பிரஷ்ஷால் அந்த வளையத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். குறுகிய வாய் என்றால் ஒரு கைப்பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள்.