குளிர்காலத்தில் லொறியோடு ஐரிஷ் கடலைக் கடப்பது எப்படி இருக்கும்?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: தம்பி இங்கிலாந்தில் லொறிச் சாரதியாகச் சேர்ந்திருக்கிறார், இந்தக் குளிர்காலத்தில் அயர்லாந்துக்குக் கப்பலில் போய்வர வேண்டுமாம், புயல் நாட்களில் அது எப்படி இருக்கும், பயப்பட வேண்டுமா?

நானும் அந்தப் பாதையில் லொறி ஓட்டுகிறவன். பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது, ஆனால் புதிதாக வருகிற சாரதிகள் பெரும்பாலும் வேறொன்றுக்குத்தான் பயப்படுகிறார்கள். வாந்தி, தலைச்சுற்று எல்லாம் கரை இறங்கி ஒரு தேநீர் குடித்தால் போய்விடும். ஆபத்து கீழே, லொறிகள் நிற்கிற வாகனத் தட்டில் இருக்கிறது. கப்பல் ஓடும்போது தம்பி அங்கே இருக்கவே கூடாது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்வதாக இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

வேல்ஸின் ஹோலிஹெட்டிலிருந்து டப்ளினுக்கு மூன்றேகால் மணி நேரம். ஸ்கொட்லாந்தின் கெயின்ரையனிலிருந்து வட அயர்லாந்தின் லார்னுக்கு இரண்டு மணி நேரம். தூரம் குறைவு என்று லேசாக எடுக்க முடியாது. பெருங்கடலில் அலை உயரமாக வந்தாலும் நீண்டு வரும், கப்பல் ஏறி இறங்க நேரம் கிடைக்கும். ஐரிஷ் கடல் ஒடுக்கமானது, பெரும்பகுதியில் ஆழமும் அதிகமில்லை. அலைகள் செங்குத்தாக, நெருக்கி நெருக்கி வரும். ஒன்றிலிருந்து கப்பல் நிமிர்வதற்குள் அடுத்தது அடித்துவிடும். வடக்கே, ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள நோர்த் சனலில் நீரோட்டமும் பலம். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதுகிற நேரத்தில் கடல் கொதிக்கிற உலை மாதிரி இருக்கும்.

கப்பலில் சாரதிகளுக்கென்று தனி ஓய்வறை உண்டு. நல்ல நாளில் போலந்துக்காரர், ருமேனியர், ஐரிஷ்காரர் என்று ஐந்தாறு மொழிகளில் பேச்சு கேட்கும். காற்றின் பலத்தைச் சொல்கிற போஃபோர்ட் அளவில் காற்று எட்டைத் தாண்டினால் பேச்சு அடங்கிவிடும். தட்டு, கோப்பை எல்லாம் எங்கோ ஒன்றாக விழுந்து நொறுங்கும். கழிவறைக்குப் போகிறவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். அதற்கெல்லாம் பழகிவிடலாம். எனக்கு இன்றும் பழகாதது கீழேயிருந்து வருகிற சத்தம். கார்களின் அலாரங்கள் அலை அசைவில் தானாக அடிக்கத் தொடங்கும், ஒன்று நிற்க இன்னொன்று தொடங்கும். நடுவில், லொறிகளைத் தட்டோடு கட்டிய சங்கிலி இறுகி முறுகுகிற சத்தம். அப்புறம் எப்போதாவது ‘டங்’ என்று ஒரு கனத்த அடி. ஓய்வறையிலுள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலை தூக்குவார்கள். ஒவ்வொருவர் மனதிலும் ஒரே கேள்வி: என்னுடையதா?

துறைமுகம் தெரியத் தொடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று புதியவர்கள் எழுந்து நிற்பார்கள். உட்கார்ந்தே இருக்கச் சொல்லுங்கள். கப்பல் ஆடாமல் பிடிக்க அடியில் இரு பக்கமும் நீட்டுகிற தகடுகள் இருக்கின்றன. கப்பல் வேகமாக ஓடும்போதுதான் அவை நன்றாக வேலை செய்யும். துறைமுக வாயிலுக்காக வேகத்தைக் குறைத்துத் திரும்பும்போது அலை பக்கவாட்டில் வந்து மோதலாம். அந்தச் சில நிமிடங்களில் விழுகிற அடி, நடுக்கடலில் விழுந்ததை விடப் பெரியதாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2018 டிசெம்பர் 18 அன்று ‘யூரோப்பியன் கோஸ்வே’ என்ற கப்பல் லார்னிலிருந்து கெயின்ரையனுக்குப் போகும் வழியில் பலமாகச் சாய்ந்தது. வாகனத் தட்டில் லொறிகள் சரிந்து பக்கத்து வாகனங்களின் மேல் விழுந்தன. சில சாரதிகள் லொறிக் கபினுக்குள்ளேயே இருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் உள்ளே அகப்பட்டவர்களை மீட்பதற்கு மீட்புப் பணியாளர்கள் வர வேண்டியிருந்தது. கப்பல் புறப்பட்ட பின் வாகனத் தட்டில் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. தெரிந்தும் சிலர் இருக்கிறார்கள்.

ஏன் என்பதும் எனக்குப் புரியும். கபின்தான் சாரதியின் வீடு. சொந்தப் படுக்கை, சொந்தப் போர்வை, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு எல்லாம் அங்கே இருக்கிறது. இரவு முழுக்க ஓட்டி வந்தவனுக்கு இரண்டு மணி நேர நித்திரை பெரிய விஷயம். மேலே போய் நாற்காலியில் சாய்ந்து அதைத் தொலைக்க மனம் வராது. நான் அவர்களைத் திட்ட மாட்டேன். ஆனால் நாற்பது தொன் எடையுள்ள பக்கத்து லொறி சாய்ந்தால் கபின் தகடு அதைத் தாங்காது. இரு வரிசைகளுக்கும் நடுவே ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு இடம்தான் இருக்கும், கதவைத் திறக்கவும் முடியாது.

பொருளும் முக்கியம். கொக்கியில் தொங்கவிட்ட மாட்டிறைச்சி ஏற்றிய ட்ரெய்லர் கப்பல் சாயும்போது தானும் சேர்ந்து சாயும், உள்ளே அத்தனையும் ஊஞ்சலாடும். பாதி நிரம்பிய தாங்கியும் அப்படித்தான். பலகைத் தட்டுகளில் உயரமாக அடுக்கிய சரக்குக்கு ட்ரெய்லரின் பக்கத் துணித்திரை மட்டும் பாதுகாப்பு என்றால் ட்ரெய்லரே கவிழலாம். கப்பல்காரர் வெளியே எவ்வளவு சங்கிலி போட்டாலும் உள்ளே கட்டாத பொருளை அது பிடிக்காது.

வயதான சாரதிகள் சொல்கிற கதைகள் வேறு மாதிரி. போலந்துச் சாரதிகளோடு பேச்சு புயல் பக்கம் திரும்பினால் ‘யான் ஹெவெலியுஷ்’ வந்துவிடும். 1993 ஜனவரி 14 விடியற்காலை, போலந்தின் சுவினோவுய்ஸ்சியேயிலிருந்து சுவீடனின் இஸ்டாட் நோக்கிப் போன கப்பல் சூறாவளிக் காற்றில் ஜேர்மனியின் ரூகன் தீவுப் பக்கமாகக் கவிழ்ந்தது. 55 பேர் இறந்தார்கள். தப்பிய 9 பேரும் கப்பல் ஊழியர்கள். பயணிகளில் ஒருவர்கூட இல்லை, அந்தப் பயணிகளில் பெரும்பாலானோர் எங்களைப் போன்ற லொறிச் சாரதிகள், சிலர் குடும்பத்தோடு வந்தவர்கள். இதைச் சொல்லும்போது அவர்கள் குரலைத் தாழ்த்துவதில்லை. உரக்கவே, கோபத்தோடு சொல்கிறார்கள்.

கெயின்ரையன் பக்கத்து முதியவர்களுக்கு அது ‘பிரின்சஸ் விக்டோரியா’. 1953 ஜனவரி 31, அருகிலுள்ள ஸ்ட்ரான்ராரிலிருந்து லார்னுக்குப் போனபோது அலைகள் பின்பக்க வாகனக் கதவை உடைத்துவிட்டன. தட்டுக்குள் புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. 130க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள், பெண்களிலோ பிள்ளைகளிலோ ஒருவரும் பிழைக்கவில்லை. வானொலி இயக்குநர் டேவிட் புரோட்ஃபூட் கடைசிவரை செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார், இறந்த பின் அவருக்கு ஜோர்ஜ் சிலுவை என்ற பிரித்தானியாவின் உயரிய வீர விருதைக் கொடுத்தார்கள்.

வாகனத் தட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடுப்பில்லாத மண்டபம். லொறி நேரே ஏறி நேரே இறங்க அப்படித்தான் கட்ட முடியும். ஆனால் அதில் கொஞ்சம் தண்ணீர் பரவினாலும் அது சாய்ந்த பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை இன்னும் கூட்டும். 1994 செப்டெம்பர் 28 அன்று பால்டிக் கடலில் ‘எஸ்தோனியா’ கப்பல் மூழ்கி 852 பேர் இறந்ததும் முன்கதவு பிய்ந்து தண்ணீர் புகுந்ததால்தான். அதற்குப் பிறகு, 1996இல் வந்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, தட்டில் அரை மீற்றர் வரை தண்ணீர் நின்றாலும் கப்பல் கவிழாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இன்று தம்பி ஏறுகிற கப்பல்கள் அந்த மரணங்களால் பாதுகாப்பானவை. இதை நான் நம்பித்தான் ஒவ்வொரு முறையும் ஏறுகிறேன்.

கடல் மிக மோசமானால் கப்பல் புறப்படாது. முதலில் நிற்பவை வேகக் கப்பல்கள். 2024 டிசெம்பரில் டாராக் புயல் நேரத்தில் ஹோலிஹெட் துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற துறை சேதமாகிவிட்டது, அடுத்த ஜனவரி நடுப்பகுதிவரை அங்கே கப்பல் இல்லை. நத்தார் நேரத்துச் சரக்கெல்லாம் வேறு துறைமுகங்களுக்குச் சுற்றிப் போனது. அப்படியான நாட்களில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கப்டன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தம்பி அந்த முடிவுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஏறியதும் நிறுத்தப் பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, எயார் சஸ்பென்ஷனை இறக்கிவிடச் சொல்லுங்கள். காற்று நிரம்பி நின்றால் லொறி துள்ளித் துள்ளிச் சங்கிலி தளரும். சங்கிலி போடவில்லை என்று தெரிந்தால் தட்டிலுள்ள ஊழியரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். மேலே போனதும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்கார வேண்டும், அங்கேதான் ஆட்டம் குறைவு. வெறும் வயிற்றோடு ஏறக் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. பாணும் இஞ்சித் தேநீரும் போதும். வாந்தி மாத்திரை எடுப்பதென்றால், இறங்கியதும் ஓட்ட வேண்டியவர் என்று மருந்தகத்தில் சொல்லி, நித்திரை வராத வகையைக் கேட்டு வாங்கட்டும். கதவு மூடிய பின் லொறிக்குத் திரும்ப விட மாட்டார்கள். ஆகவே தொலைபேசி, சார்ஜர், தடித்த மேலங்கி, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முதலே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.